தேய்ப்பதற்கு முன் நிறுத்துப் பாருங்கள்

பாட்டியின் தகரப்பெட்டியிலிருந்தோ, பழைய வீட்டை இடிக்கும்போது அடித்தளத்திலிருந்தோ, புயலுக்குப் பிறகு மணல் அரித்த கரையிலிருந்தோ கறுத்துப்போன வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தால், ராமநாதபுரம் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் நடக்கும். புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நகைக்கடைக்குக் கொண்டுபோய் "எவ்வளவு தேறும்" என்று கேட்பார்கள். அந்தக் காசு எங்கே அடித்தது, எந்தக் கை வழியாக வந்தது, கடலில் கிடந்ததா மண்ணில் கிடந்ததா என்று சொல்லக்கூடிய சாட்சியெல்லாம் புளித்தண்ணீரோடு போய்விடும்.

இங்கே சொல்லப்போவது சுத்தியலால் அடித்த காசுகளைப் பற்றி மட்டும். 1835க்குப் பிறகு வந்த, ராஜா தலையும் ராணி தலையும் போட்ட இயந்திர ரூபாய்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்தில் இந்தக் கரையின் அன்றாடப் புழக்கம் பொன்னும் செம்பும்தான். பெரிய கணக்குக்கு வராகன், அதற்குக் கீழே குன்றிமணி அளவில் பொன்பணம், உப்புக்கும் கருவாட்டுக்கும் செப்புக்காசு. வெள்ளி இந்த மண்ணில் விளைவதில்லை. ஆகவே கீழக்கரையிலோ தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ ஒரு பழைய வெள்ளிக்காசு இருந்தால், அது வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டே தொடங்கலாம். வந்த வழிகளில் முக்கியமானவை மூன்று: வடக்கிலிருந்து ஆற்காட்டு நவாபு, கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக வந்த ரூபாய்; இலங்கை, மாலத்தீவு, பாரசீக வளைகுடாத் தோணிகளில் வந்த லாரின் என்னும் கம்பிக்காசு; போர்ச்சுகீசிய, டச்சுக் கப்பல்களின் வழியே வந்த ஸ்பானிய ரியால். மூன்றுமே சுத்தியல் அடித்தவை. மூன்றின் எடையும் ஒன்றுக்கொன்று நெருங்காது. அதனால்தான் முதல் வேலை தராசு.

0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு போதும். முழு ரூபாய் என்றால் 11.2 முதல் 11.6 கிராமுக்குள் நிற்கும். லாரின் 4.5 முதல் 4.9 கிராம். எட்டு ரியால் மதிப்புள்ள ஒற்றைக் காசு புதிதாக இருந்தபோது சுமார் 27 கிராம். அதன் பாதி 13.5, கால் 6.75. கையில் தேய்ந்த காசு சிறிதுதான் குறையும். கடலில் கிடந்த காசு மோசமாகக் குறையும்; எட்டு ரியாலில் பாதி எடைகூட மிஞ்சாமல் தகடாக வருவதுண்டு. அதனால் எடை பொருந்தவில்லை என்றவுடன் போலி என்று முடிவு கட்டக்கூடாது. எடை குறைந்தும் எழுத்து மட்டும் கூர்மையாக, புதிதாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றில் அதிகம் தட்டுப்படுவது ரூபாய். அதை அடித்த விதம் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சுத்தம் செய்த வெள்ளியை வார்த்துக் கோலாக நீட்டி, துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் நிறுத்து, கூடுதலாக இருந்தால் ஓரத்தைக் கத்தரித்து, வட்டமாகத் தட்டி வில்லையாக்குவார்கள். அக்பர் காலத்தில் காசு அடித்த தங்கசாலையை விவரிக்கும் 'ஆயின்-இ-அக்பரி'யில் அபுல் பசல் இந்த வேலையாட்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகிறார். துண்டு வெட்டுகிறவர் ஒருவர், வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே பிடிக்கிறவர் ஒருவர், சுத்தியல் போடுகிறவர் ஒருவர். இந்துஸ்தானத்து ஆட்கள் மயிரிழைகூடப் பிசகாமல் வெட்டுவார்கள் என்று பெருமையாகவும் எழுதுகிறார். பெருமை எடையைப் பற்றியது. வட்டம் கோணலாக இருந்தால் அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. எடை கோணினால்தான் வம்பு. இப்போது நம் ஆட்கள் கோணல் வட்டத்தைப் பார்த்ததும் "இது சரியாக அடிக்காத காசு" என்று ஒதுக்குகிறார்கள். சரியாக அடித்த காசுதான் அப்படி இருக்கும்.

கீழ் அச்சு மரக்கட்டையிலோ கல்லிலோ ஊன்றி நிற்கும். மேல் அச்சைக் கையில் பிடித்து வில்லையின் மேல் வைப்பார்கள். அடி விழுவது மேல் அச்சின் தலையில். அதனால் மேல் அச்சு சீக்கிரம் தேயும், விரிசல் விடும், அடிக்கடி மாற்ற வேண்டிவரும். ஒரே கீழ் அச்சோடு பல மேல் அச்சுகள் சேர்ந்து வருவதைக் காசுகளை அடுக்கிப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அச்சைக் கையால் வெட்டுவதால் ஒரே தங்கசாலையின் இரண்டு அச்சுகள்கூட முழுக்க ஒத்துப்போகாது.

வில்லையைவிட அச்சு பெரியது. இதை மறந்துவிட்டால் ரூபாயைப் படிக்கவே முடியாது. அச்சில் உள்ள வாசகம் முழுவதும் எந்தக் காசிலும் விழாது. வில்லை எங்கே உட்கார்ந்ததோ அந்தப் பகுதி மட்டும் பதியும். ஒரு காசில் ராஜா பெயர் இருக்கும், ஊர் பெயர் வெளியே போயிருக்கும். இன்னொன்றில் ஆண்டு இருக்கும், பெயர் அறுந்திருக்கும். இரண்டும் ஒரே அச்சாக இருக்கலாம். அடித்துக்கொண்டிருக்கும்போது வில்லை நகர்ந்துவிட்டால் எழுத்து இரட்டையாக விழும். முன்பக்கத்தில் எழுத்து தடித்து எழும்பிய இடத்துக்கு நேர் பின்னால் மொழுக்கையாக இருப்பதும் சகஜம். உலோகம் ஒரு பக்கம் போய் நிரம்பியதால் மறுபக்கத்துக்குப் போதவில்லை.

ஓர வெடிப்பு தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வெள்ளி தட்டத் தட்ட இறுகும். மங்கலான சிவப்பு ஏறும்வரை, ஏறத்தாழ 600 முதல் 650 டிகிரி, காய்ச்சி எடுத்தால் மறுபடி இளகும். அவசரத்தில் காய்ச்சாமல் அடித்தால் விளிம்பு கிழியும். அந்தக் கிழிசல் விளிம்பில் அகலமாகத் தொடங்கி உள்ளே போகப்போக மெலியும். உள்சுவர் கரடுமுரடாக, கறுப்பாக இருக்கும். வார்த்த போலியில் வெடிப்பு, அடி மழுங்கிய பள்ளமாகத் தெரியும், உள்ளே ஊடுருவியிருக்காது. இன்னொன்று: ஒரே வடிவ வெடிப்பு, ஒரே இடத்தில், இரண்டு காசுகளில் இருந்தால் குறைந்தது ஒன்று போலி. அச்சு ஒன்றாக இருக்கலாம், கிழிசல் ஒன்றாக இருக்காது. விற்பவரிடம் ஐந்தாறு காசு இருந்தால் முதலில் விளிம்புகளை வரிசையாகப் பாருங்கள். எழுத்தைப் பிறகு பார்க்கலாம்.

படிப்பதற்கு இந்தக் கரையில் ஒரு வசதி உண்டு. கீழக்கரை, தேவிபட்டினம், பெரியபட்டினம் போன்ற ஊர்களில் குர்ஆன் ஓதப் படித்தவர்களும், அரபு எழுத்தில் எழுதிய தமிழான அரபுத் தமிழ் ஏடுகளைப் படித்த பெரியவர்களும் உண்டு. காசில் இருப்பது பாரசீக மொழி என்றாலும் எழுத்துகள் அவர்களுக்குப் பழக்கமானவை. "ஆலம்கீர்", "ஷா" என்று உடைத்துச் சொல்லிவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால் காசில் புள்ளிகள் முறையாக வைத்திருக்க மாட்டார்கள், ஒரு சொல்லின் மேல் இன்னொன்றை அடுக்கியிருப்பார்கள். எண்கள் சுலபம். ஒன்று செங்குத்துக் கோடு, பூஜ்யம் புள்ளி, ஏழு மேலே விரிந்த இரண்டு கோடு, எட்டு அதையே கவிழ்த்தது. எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்கள் நம்மைப் போல இடமிருந்து வலம்தான்.

காசில் இருப்பது ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய நாட்காட்டி ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். 1172 என்றால் 1137 ஆகிறது, 622 சேர்த்தால் 1759. உண்மையில் அந்த ஹிஜ்ரி ஆண்டு 1758 செப்டம்பரில் தொடங்குகிறது. ஓராண்டு முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசில் இன்னொரு எண்ணும் வரும். அது பட்டமேறிய எத்தனையாவது ஆண்டு என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

1172, பட்ட ஆண்டு 6. தமிழ்நாட்டில் வெள்ளி ரூபாயைப் புரட்டுகிறவர்கள் இந்த ஜோடியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். இதுதான் ஆற்காட்டு ரூபாய். 1754 முதல் 1759 வரை டெல்லியில் இருந்த இரண்டாம் ஆலம்கீரின் பெயர் அதில் இருக்கும். "ஆலம்கீர்" என்று வாசித்தவுடன் ஔரங்கசீப் காசு என்று விற்பது சந்தையில் தினமும் நடக்கிறது. ஔரங்கசீப்பும் ஆலம்கீர்தான், ஆனால் அவருடைய ரூபாயில் ஈரடிப் பாட்டு ஒன்று இருக்கும். உலகில் ஒளிவீசும் முழுநிலவைப் போல ஷா ஔரங்கசீப் ஆலம்கீர் காசடித்தார் என்று பொருள். தங்கக்காசில் நிலவுக்குப் பதில் சூரியன். ஆற்காட்டு ரூபாயில் பாட்டு கிடையாது. அதோடு ஔரங்கசீப் ஆண்ட 1658 முதல் 1707 வரையிலான ஹிஜ்ரி ஆண்டுகள் 1068இல் தொடங்கி 1118இல் முடிந்துவிடுகின்றன. 1172 அங்கே நுழைய வழியே இல்லை. பெயர் ஒன்று, அரை நூற்றாண்டுக்கும் மேல் வித்தியாசம், விலையும் வேறு.

1172 என்று போட்டிருப்பதால் 1758இல் அடித்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையை நவாபிடமிருந்து புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1736இலும், சென்னையில் கம்பெனி 1742இலும் பெற்றார்கள். ஜனங்கள் பழகிய வாசகத்தை மாற்றினால் காசு மாற்றும் வியாபாரியான சராப்பு வட்டம் பிடிப்பார் என்ற பயத்தில் கம்பெனி அதே 1172, அதே 6 என்று ராஜா மாறிய பிறகும், நூற்றாண்டு மாறிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தது. சென்னைக் காசில் தாமரை, புதுச்சேரிக் காசில் பிறை. அது அச்சோரத்தில் விழுந்து பாதி அறுந்திருந்தாலும் தேடிப் பாருங்கள். 1807 முதல் சென்னையில் இயந்திரம் வந்துவிட்டது. அதற்குப் பின் வந்த ஆற்காட்டு ரூபாயிலும் 1172தான் இருக்கும், ஆனால் வட்டம் பிசகாது, வாசகம் முழுதாக விழும், விளிம்பில் வரி இருக்கும். அது சுத்தியலால் அடித்த காசு இல்லை.

வட்டம் என்று சொன்னது காசு மாற்றும்போது பிடிக்கும் கழிவை. ஒரே எடை, ஒரே பெயர் என்றாலும் எந்தத் தங்கசாலையில் எந்த ஆண்டு அடித்தது என்று பார்த்து சராப்பு கூட்டியோ குறைத்தோ எடுப்பார். நட்சத்திர வராகன் ஒன்றுக்கு மூன்றரை ஆற்காட்டு ரூபாய், அல்லது 42 பணம், பணம் ஒன்றுக்கு 80 காசு என்பது சென்னைக் கம்பெனியின் ஏட்டுக் கணக்கு. அதன்படி ரூபாய்க்கு 12 பணம். சந்தையில் அது அப்படியே நிற்கவில்லை என்பதற்குக் காசிலேயே சாட்சி இருக்கிறது: பூ, வளையம், புள்ளிக்கூட்டம், பிறை என்று குட்டிக்குட்டியாகக் குத்திய சராப்பு முத்திரைகள். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளித் தகடு சுற்றிய அந்தக் காலத்துப் போலிகள் ஏராளம். குத்தினால் செம்பு தெரிந்துவிடும். முத்திரை விழுந்த காசை "அடிபட்டது" என்று விலை குறைத்துக் கேட்பார்கள். உண்மையில் பல கைகள் சோதித்துத் தேறியது அது. 1818இல் சென்னை மாகாணம் வராகனை விட்டுவிட்டு ரூபாய்க்கு மாறியதும் இந்தக் கூத்து குறைந்தது.

லாரின் வேறு ஜாதி. பாரசீகத்து லார் நகரத்தின் பெயரில் வந்தது. வெள்ளிக்கம்பியை இழுத்து, அளவாக நறுக்கி, நடுவில் மடித்து, அதன் மேல் அச்சை வைத்து ஓர் அடி. இலங்கையில் அதைத் தூண்டில் முள் போல வளைத்துவிடுவார்கள். கம்பியின் அகலம் சில மில்லிமீட்டர், அச்சின் அகலம் அதைப்போலப் பல மடங்கு. எழுத்தில் கொசுறுதான் விழும். லாரினில் ராஜா பெயரைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், பலவற்றில் வெறும் எழுத்து போன்ற கீறல்தான்.

இது பழைய நகையின் கொக்கி என்று நினைத்து உருக்குமூசைக்குப் போவதுதான் அதிகம். நகைக் கொக்கி என்றால் ஒற்றைக் கம்பி, பற்றவைத்த தடம் இருக்கும். லாரின் இரட்டைக் கம்பி, மடித்த இடம் முனையில் தெரியும், தட்டையான இடத்தில் அச்சுக் கீறல் இருக்கும், குறுக்கே உளி வைத்த சோதனை வெட்டும் இருக்கலாம். 1660 முதல் 1679 வரை கண்டி ராஜ்யத்தில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் இதைத் தூண்டில் முள் வடிவக் காசு என்றே எழுதியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ள ராஜா அனுமதித்திருந்தாராம். சந்தேகம் வந்தால் நெருப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெள்ளையாக வந்தால்தான் செல்லும். செம்பு கலந்திருந்தால் காய்ச்சும்போது மேலே கறுப்பேறும், அதுதான் சோதனையின் சூட்சுமம். இன்றைக்கு உங்கள் காசில் இதைச் செய்து பார்க்காதீர்கள். முந்நூறு வருடம் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். சூட்டில் விரிந்து துண்டாகும். கல்லில் போட்டு ஓசை பார்ப்பதும் அதே காரணத்தால் கூடாது. ஓர வெடிப்புள்ள நல்ல காசு எப்படியும் மொட்டையாகத்தான் ஒலிக்கும்.

ரியாலைப் பற்றிச் சுருக்கமாகப் போதும், ஏனென்றால் அது வந்ததில் பெரும்பகுதி உருகி ரூபாயாகவும் கொலுசாகவும் போய்விட்டது. மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் பொடோசியிலும் அடித்த சப்பைத் துண்டுகள். ஒழுங்கான வட்டமே கிடையாது. எடைக்காகக் கத்தரியால் மூலைகளை வெட்டியதால் நாலுகோணம், ஐந்துகோணமாக இருக்கும். சிலுவை, கேடயம், தங்கசாலையின் எழுத்து, தரம் பார்த்தவரின் எழுத்து இவற்றில் ஏதாவது இரண்டு தெரிந்தாலே அதிர்ஷ்டம். 1649இல் பொடோசியில் கலப்படம் வெளிப்பட்டுப் பெரிய விவகாரமானது. 1652 முதல் வடிவத்தையே மாற்றி, தூண்களும் அலையும் போட்டார்கள். ஆகவே பொடோசிக் காசில் தூணும் அலையும் இருந்தால் 1652க்குப் பின். மெக்சிகோவில் 1732இலேயே இயந்திரக் காசு தொடங்கிவிட்டது. பொடோசி 1773 வரை சுத்தியலை விடவில்லை.

இனி தரம். நகைக்கடைக்குப் போகாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி, அடர்த்தி. காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 11.46 கிராம் காசு 1.10 காட்டினால் 10.42. நூற்றுக்கு 96 வெள்ளி, மீதி செம்பு என்ற கலவைக்கு அதுதான் கணக்கு. தூய வெள்ளி 10.49, எட்டு ரியாலின் பழைய தரமான 93.1க்கு 10.37, நூற்றுக்கு 80 என்றால் 10.14, பாதிக்குப் பாதி என்றால் 9.66. பித்தளையும் ஜெர்மன் வெள்ளியும் ஒன்பதைத் தொடாது.

இதில் பிழை வரும் இடங்கள் உண்டு. தராசு 0.01 கிராம் பிசகினாலே 10.42 என்பது 10.32 ஆகவோ 10.51 ஆகவோ போய்விடும். ஆகவே 96க்கும் 92க்கும் வித்தியாசம் இந்த முறையில் தெரியாது. வெள்ளியா, பித்தளையா, பாதிக் கலப்படமா என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். அதற்கு இது போதும். எழுத்துக் குழிகளில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அடர்த்தி குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் குமிழ் நிற்காது. நம் ஊர் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருப்பதால் வரும் பிழை 0.04தான், விட்டுவிடலாம். கடல் ஓடு ஒட்டிய காசுக்கும், உள்ளே அரித்துப் பஞ்சான காசுக்கும் இந்தச் சோதனை செல்லாது. நல்ல வெள்ளியையும் போலி என்று காட்டும்.

ஹால்மார்க் நிலையங்களில் உள்ள எக்ஸ்ரே இயந்திரம் துல்லியமானது, ஆனால் அது படிப்பது மேல்தோலை மட்டும். காலப்போக்கில் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து போவதால் தோலில் வெள்ளி கூடித் தெரியும். 98 என்று வந்தால் காசு முழுக்க 98 என்று அர்த்தமில்லை. காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், அதோடு சரி.

ராமேஸ்வரம் சன்னதித் தெருக்களில் கிடைக்கும் ராமர் பட்டாபிஷேகக் காசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வழிபாட்டு வில்லைகள். புழக்கத்தில் இருந்த பணம் அல்ல. பூஜையில் வைப்பதற்கு நல்லவை, அரிய காசு என்று லட்சம் கொடுப்பதற்கு அல்ல. 1818, கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதி, ராமர், சீதை, அனுமனோடு வருபவை பிற்காலக் கற்பனை. கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவில்லை.

இப்போது அந்தக் கறுப்பு. பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழமில்லாத கடல், சேறு, கடல்புல். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் கந்தகத்தை விடுவதால் வெள்ளி கறுத்து, மேல்பகுதி வெள்ளி சல்பைடாக மாறும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் பவளமணல், தெளிந்த நீர். அங்கே சுண்ணாம்பு ஓடு கட்டும், அதன் கீழே குளோரைடு ஏறும். வெள்ளிக் குளோரைடு சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில், மெழுகுவர்த்தி மெழுகைப் போல மெத்தென்று இருக்கும். நகத்தால் கீறினாலே தடம் விழும். பச்சையாகத் தெரிவது கலப்புச் செம்பின் வேலை. எல்லைக்கோடு போட்டது போல இப்படியே இருக்கும் என்றில்லை, ஆனால் தோலைப் பார்த்து எந்தப் பக்கம் கிடந்திருக்கும் என்று யோசிக்க முடியும்.

கவனிக்க வேண்டியது, காசின் எழுத்து பல நேரம் அந்தக் கறுப்புத் தோலில்தான் இருக்கிறது. கீழே இருந்த உலோகம்தான் சல்பைடாக மாறியிருக்கிறது, உருவம் மாறவில்லை. புளி, எலுமிச்சை, பற்பசை, பாத்திரப்பொடி எது போட்டுத் தேய்த்தாலும் தோல் கழன்று, அடியில் மொழுக்கையான வெள்ளித் தகடு கிடைக்கும். பளபளவென்று இருக்கும், ஒன்றும் எழுதியிருக்காது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் சேர்க்கும் முறை கரண்டிக்குச் சரி. காசில் தடித்த தோல் இருந்தால் பஞ்சு போன்ற சாம்பல் படலமாக்கிவிடும். அமோனியா குளோரைடைக் கரைத்துக்கொண்டு போகும், கூடவே அதில் பதிந்திருந்த எழுத்தையும். பத்தர் பட்டறையில் காய்ச்சி அமிலத்தில் வெளுக்க வைப்பது எல்லாவற்றிலும் கெட்டது. வினிகர் சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஓட்டுக்குக் கீழே உலோகம் மிச்சமிருக்கிறதா, வெறும் குளோரைடா என்று உங்களுக்குத் தெரியாதே. அது தொல்பொருள் பாதுகாப்பு வேதியியல் படித்தவர்களின் வேலை.

பெட்டியில் இருந்து எடுத்த காசுக்கு ஆர்ஓ தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, ஒரு நாள் ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் அலசி மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது. அவ்வளவுதான். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது.

கடலிலிருந்து வந்த காசு என்றால் காய விடவே கூடாது. உள்ளே ஊறிய உப்பு காயும்போது படிகமாகி, தோலைச் செதிலாகத் தள்ளிவிடும். கிடைத்த உடனே ஆர்ஓ தண்ணீரில் போட்டு, முதல் வாரம் தினமும், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். எப்போது போதும் என்று தெரிந்துகொள்ள இந்த மாவட்டத்தில் பல வீட்டில் இருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரே உதவும். புதுத் தண்ணீர் காட்டும் எண்ணை எழுதி வைத்து, காசு ஊறிய தண்ணீரை மாற்றும் முன் மறுபடி அளந்து பாருங்கள். மூன்று நாள் ஊறியும் எண் ஏறவில்லை என்றால் கரையக்கூடிய உப்பு வெளியேறிவிட்டது. ஒன்றோடொன்று ஒட்டிய காசுகளைப் பிரிக்க முயல வேண்டாம். ஒன்றின் முகம் மற்றொன்றோடு போய்விடும்.

வைப்பதற்கு, ஆல்பங்களில் வரும் மெத்தென்ற பிவிசி உறை ஆகாது. நம் வெக்கையில் அது அமிலம் கசிந்து பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். கெட்டியான பாலியெஸ்டர் உறை நல்லது. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, செய்தித்தாளில் அமிலம், புது மரப்பெட்டியிலும் ஆவி வரும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். கடற்காற்று ஜன்னல் வழியே உப்பைக் கொண்டுவரும் ஊரில் ஷோகேஸ் ஆசை வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். குடும்பப் பெட்டியில் வழிவழியாக வந்த காசு வேறு, மண்ணிலிருந்து எடுத்தது வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசு கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்டபோது கொண்டுவந்து தருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கும் போகும், தண்டனையும் உண்டு. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இலங்கையிலோ வளைகுடாவிலோ இருக்கும் உறவினருக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்புவதும் இதில்தான் வரும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கடற்பூங்காவுக்குள் இருப்பவை. உலோகம் தேடும் கருவியோடு அங்கே இறங்குகிற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடலாம்.

ஒப்படைக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். காசை வெள்ளைத் தாளில் வைத்து, அறை விளக்கை அணைத்து, ஒரே ஒரு டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலாக எழும். டார்ச்சைக் காசைச் சுற்றி நான்கு திசையிலும் மாற்றி, இரண்டு பக்கத்துக்கும் எட்டுப் படம், விளிம்புக்குத் தனியாக இரண்டு. அளவு தெரிய அருகில் இன்றைய 10 ரூபாய்க் காசு, அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். எடையையும், கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நிலையான ஓர் அடையாளத்திலிருந்து எத்தனை மீட்டர் எந்தத் திசை என்பதையும், கூடக் கிடைத்த ஓடு, ஆணி, சங்குத் துண்டு எதுவானாலும் அதையும் அதே தாளில் எழுதுங்கள். மணல் அரிப்பில் கிடைத்திருந்தால் எந்தத் தேதிப் புயலுக்கோ பெருமழைக்கோ பிறகு என்று குறிக்க மறக்க வேண்டாம். அடுத்த பருவத்தில் அந்த இடம் மறுபடி மூடிவிடும்.